சிசுவின் தலையில் ஒரு புடைப்பு

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வேளையில் தாயின் விரலில் தட்டுப்பட்ட கெட்டியான சிறு புடைப்பொன்று, இரண்டு மூன்று வாரங்களுக்குள் நெல்லிக்காய் அளவுக்குப் பெருத்துவிட்டதென்றால், அவ்வீட்டில் எவருக்கும் உறக்கம் பிடிக்காது. அத்தகைய புடைப்பு சில சமயம் வைத்தியர்களையே கலங்கவைத்துவிடுகிறது.

பெரும்பாலான புடைப்புகள் சாதுவானவை. பிரசவத்தின்போது மண்டையெலும்புக்கும் அதன்மேற் போர்த்த சவ்வுக்கும் இடையே தேங்கிய இரத்தம், எலும்புப் பொருத்தைத் தாண்டாமல் நின்று, சில வாரங்களிலோ மாதங்களிலோ வற்றிவிடும். புருவத்தின் வெளிக்கோடியில் காணும் டெர்மாய்டு கட்டியோ, கருவில் எலும்புகள் கூடுமிடத்தில் அகப்பட்டுக்கொண்ட தோலின் துணுக்கு, உள்ளே ரோமமும் கொழுப்பும் இருக்கும், மெல்லத்தான் வளரும்.

இவற்றினின்று வேறுபட்ட அபூர்வ வியாதிதான் கிரேனியல் ஃபேஸியைட்டிஸ். 1980-ஆம் ஆண்டில் லாயர், என்சிங்கர் என்னும் இருவர், மூன்று வாரச் சிசு முதல் ஆறு வயதுப் பிள்ளை வரையிலான 9 குழந்தைகளிடம் இதைக் கண்டு தனி வியாதியாக வருணித்தார்கள். பெயரில் அழற்சி என்ற அர்த்தம் தொனித்தாலும், இது நார்த்திசுவின் உயிரணுக்கள் அபரிமிதமாகப் பெருகுவதால் விளைவதே. பெயர் வைப்பதில் வைத்திய சாஸ்திரம் அவ்வளவு சாமர்த்தியசாலி அன்று. இக்கட்டி வளரும் வேகமும், மண்டையோட்டின் வெளித்தகட்டை அரித்து எக்ஸ்ரே படத்தில் ஓட்டையாகத் தெரியும் கோலமும், பூதக்கண்ணாடியில் உயிரணுக்கள் மும்முரமாகப் பிளவுபடும் காட்சியும் சேர்ந்து, புற்றுநோயே என்று சத்தியம் செய்யத் தூண்டும். ஆயினும் அப்பிளவுகள் விகாரமற்றவை என்பதை அநுபவமுள்ள கண் பிரித்தறிந்துவிடும். முன்கையில் பெரியவர்களுக்கு வரும் இதன் உறவினக் கட்டியும், 1955-இல் அடையாளம் காணப்படுமுன், புற்றெனவே எண்ணப்பட்டதுண்டு.

லாங்கர்ஹான்ஸ் உயிரணு வியாதி என்னும் வேறொரு நோயும் குழந்தையின் மண்டையில் துளையிடக்கூடியது. ஆகையால் ஸ்கேன் படம் மட்டும் தீர்ப்புக் கூற முடியாது, திசுவை எடுத்துப் பரிசோதித்தே ஆகவேண்டும். தலையின் நடுக்கோட்டில் உள்ள கட்டி உள்ளே மூளையோடு தொடர்புகொண்டிருக்கலாமாதலின், படமெடுத்துப் பாராமல் அதில் கத்தி வைப்பதும், வீட்டிலே பிதுக்கிப் பார்ப்பதும் விபரீதம்.

கிரேனியல் ஃபேஸியைட்டிஸுக்குச் சிகிச்சை, கட்டியை முழுவதும் அகற்றுவதே. மீண்டும் தலைகாட்டுவது அரிது. ஓட்டில் நேர்ந்த சிறு பள்ளமும், பச்சிளங் குழந்தைகளிடத்தில், மூளையுறையிலிருந்து புதிய எலும்பு அரும்பிப் பெரும்பாலும் தானே தூர்ந்துவிடுகிறது. அதற்குள் தலைமயிரும் வளர்ந்து தழும்பை மறைத்திருக்கும்.