கூட யாரு வருவாங்க?

2019 ஆகஸ்ட் மழையில், வால்பாறைப் பக்கம் ஆனைமலைக் காட்டுக்குள் இருந்த கல்லாறு குடியிருப்பில் மண் சரிந்தது. காடர் பழங்குடியினரின் ஊர் அது. இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தாய்முடி எஸ்டேட் குடியிருப்பில் தற்காலிகமாகத் தங்க வைத்தார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். காடர்கள் கேட்டதோ வேறு: தங்கள் காட்டிலேயே, தெப்பக்குளமேட்டில், எல்லோரும் சேர்ந்து வாழ இடம். மனு, மறியல், நடை, காத்திருப்பு என்று இழுத்தடித்து, 2021-ல்தான் அங்கே பட்டா கிடைத்தது.

பத்திரிகைகள் இதை நில உரிமைப் போராட்டமாக எழுதின. அது சரிதான்; 2006-ன் வன உரிமைச் சட்டம் இருந்தும் இவ்வளவு அலைய வேண்டியிருந்தது சின்ன விஷயமில்லை. ஆனால் எனக்கு இது குழந்தை வளர்ப்புச் செய்தியாகவும் படுகிறது. ஆறு வயசுப் பிள்ளைக்கு ஊர் என்பது மனிதர்கள்தான். பசித்தால் எந்த அடுப்படியில் போய் உட்காரலாம், அம்மா அடித்தால் யார் பின்னால் ஒளியலாம், ராத்திரி யார் கதை சொல்வார்கள் என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். கூரை மாறினால் பிள்ளை ஒருமாதிரி சமாளித்துக்கொள்ளும். இந்த ஆட்களும் சேர்ந்து மாறிப்போனால் கையில் எதுவும் மிஞ்சாது. ‘சேர்ந்தே இருக்கணும்’ என்று அந்தப் பெரியவர்கள் பிடித்த பிடிவாதத்தில், பிள்ளைகளுக்கான மருந்தும் இருந்தது.

கூட இருக்கும் ஆட்கள்தான் முக்கியம் என்பதை லண்டனில் இரண்டாம் உலகப் போர் காட்டியது. 1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து பிரிட்டன் நகரங்களிலிருந்து சில நாட்களில் சுமார் 15 லட்சம் பேர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பகுதி குழந்தைகள், பலர் அப்பா அம்மா இல்லாமல். அந்தப் போர்க்காலத்தில் லண்டனின் ஹாம்ஸ்டெட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் எழுதி வைத்தது பலரைத் திடுக்கிட வைத்தது. தாயோடு இருந்து குண்டுச் சத்தம் கேட்ட பிள்ளைகளைவிட, பத்திரமான இடத்தில் தாயைப் பிரிந்து இருந்த பிள்ளைகள்தான் அதிகம் உடைந்துபோனார்கள். பிறகு அந்த இருவரும் ஒரு காரியம் செய்தார்கள். எல்லாப் பிள்ளைகளையும் எல்லாப் பணிப்பெண்களும் பார்ப்பதை நிறுத்திவிட்டு, நாலைந்து பிள்ளைகளுக்கு ஒருத்தி என்று சின்னச் சின்னக் குடும்பங்களாகப் பிரித்தார்கள். முதலில் அழுகையும் பொறாமையும் கூடத்தான் செய்தது. ‘என் ஆள்’ என்று ஒருத்தி கிடைத்துவிட்டாள் அல்லவா, அவளை இழந்துவிடுவோமோ என்ற பயம் வரத்தானே செய்யும். அது அடங்கியதும் பிள்ளைகள் தேறினார்கள். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றும் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

நம் பக்கம் வருவோம். எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு, நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி, பொள்ளாச்சிக்கோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ குடும்பத்தோடு வருகிறவர்கள் உண்டு. புது வாடகை வீடு, அட்வான்ஸ், ஸ்கூல் அட்மிஷன் என்று பெரியவர்கள் ஆலாய்ப் பறப்பார்கள். பிள்ளை ஒன்றும் பேசாது. “ரெண்டு நாள்ல மறந்துருவான், உடுங்க” என்பார்கள். இரண்டு மாதம் கழித்துப் பாயில் சிறுநீர் போவான், இல்லாவிட்டால் தங்கச்சியைக் கிள்ளுவான். அப்போது முதுகில் ரெண்டு வைப்பார்கள். புது டிவி வரும், மாடி வீடு என்றெல்லாம் ஆசை காட்டியிருப்போம். அவன் மனசில் ஓடியது ஒரே கேள்விதான்: கூட யாரு வருவாங்க? அம்மாயி வருமா? மணி நாய் வருமா? வராது என்றால் வராது என்று கிளம்பும் முன்னாலேயே சொல்லிவிடலாம். அழட்டும். அம்மாயியிடம் போய் விடைபெற்று வர ஒருநாள் ஒதுக்குங்கள். மூட்டை கட்டும் அவசரத்தில் முதலில் அடிபடுவது அந்த ஒருநாள்தான்.

சாவு வீட்டில் இன்னும் மோசம். தாத்தா இறந்த அன்று பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, “அப்பாரு ஊருக்குப் போயிருக்காரு சாமி” என்போம். ஊருக்குப் போனவர் திரும்பி வரணுமே! அது வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அடுத்த மாதம் அப்பா ஈரோடு கிளம்பினாலே காலைக் கட்டிக்கொள்ளும். ‘தூங்குறாரு’ என்று சொன்னால் ராத்திரி தூங்கப் பயப்படும். “செத்துட்டாரு, உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு, இனி வரமாட்டாரு, நாங்க உன்கூட இருக்கோம்” என்று சொன்னால் போதும். இதற்கு மேல் தத்துவம் எதுவும் வேண்டாம். பத்து தடவை கேட்டால் பத்து தடவையும் அதே பதிலைச் சொல்ல வேண்டும். கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 2021-ல் தமிழக அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை அறிவித்தது. நல்ல காரியம். இந்தப் பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது மட்டும் வீட்டாரின் வேலை. திகைத்துப்போனால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ, மனநல ஆலோசனைக்கு 14416-க்கோ போன் போடலாம், காசு கிடையாது.

ஆனைமலையில் எனக்கு ரொம்ப உறுத்துவது விடுதிப் பிள்ளைகளின் நிலை. காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் என்று ஆறு சமூகங்கள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வாழ்கின்றன. படிக்க வேண்டுமென்றால் பல பிள்ளைகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளிதான் வழி. ஐந்தாறு வயதில் வீட்டுப் பேச்சு, சாப்பாடு, படுக்கிற ஆள் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடும். படிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரே குடியிருப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் படுக்க வைப்பதற்கு என்ன செலவு ஆகிவிடும்? அவர்கள் பேச்சு தெரிந்த ஒரு பெண்ணைச் சமையலுக்கோ ஆயா வேலைக்கோ வைத்தால், வேண்டாம் என்று எந்தச் சட்டம் சொல்லும்?

முதல் வருஷத்தைவிடச் சில பிள்ளைகளுக்கு இரண்டாவது ஜூன் கஷ்டம். முதல் தடவை என்னவென்று தெரியாமல் போனது, இப்போது தெரியும். பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போதே வயிறு வலிக்கும். நடிப்பு இல்லை, நிஜமாகவே வலிக்கும். பெட்டியைப் பிள்ளையையே அடுக்கச் சொல்லலாம். அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்றை உள்ளே வைப்பதை வார்டன் தடுக்காமல் இருக்கலாம். கேட்டில் நின்று, அழுகையை நிறுத்துவதற்காக “வர்ற ஞாயித்துக்கிழமை வந்துர்றேன் கண்ணு” என்று சொல்கிற அம்மாவுக்கு அந்த ஞாயிறு பஸ் கிடைக்காது, கூலியும் போகும். “தீவாளிக்குத்தான் வருவேன், சனிக்கிழமை சாயங்காலம் போன் பண்றேன்” என்று சொல்லிவிட்டு, டவர் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்றாவது அந்தச் சனிக்கிழமை போன் பண்ண வேண்டும்.