எச்சமும் உற்பத்தி உறவும்: விலங்குத்தீனில் நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கண்டறிதல்

தமிழிலக்கணத்தில் எச்சம் என்பது தன்னளவிற் பொருள் முற்றுப்பெறாது, தன்னை முடிக்கும் சொல்லை அவாவி நிற்பது. ஆய்வுகூடத்தார் கூறும் எச்சமும் அத்தகையதே. ஒரு கிலோகிராம் விலங்குத்தீனில் இத்தனை மைக்கிரோகிராம் நுண்ணுயிர்க்கொல்லி உளது என்னும் பெறுபேறு, அது அங்கு எவ்வாறு வந்தது, அதற்குப் பொறுப்பாளி யார் ஆகிய வினாக்களோடு இணையும்போதே நிறைவெய்துகிறது. பகுப்பாய்வு முறையையும் அதன் சமூக அடிப்படையையும் ஒருங்கே நோக்குதல் ஈண்டு எமது நோக்கமாகும்.

இவ்வழக்கத்தின் தோற்றமே ஓர் எச்சத்திலிருந்துதான். ஐக்கிய அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுகூடத்தில், குளோர்தெத்திராசைக்கிளின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய நொதிகழிவு கோழிக்குஞ்சுகளுக்கு ஊட்டப்பட்டது. அதிலுள்ள விற்றமின் பீ 12 காரணமாக எதிர்பார்க்கக்கூடிய அளவினும் மேலாக அவை வளர்ந்தன. தோமஸ் ஜூக்ஸ், றொபேட் ஸ்ரொக்ஸ்ராட் ஆகியோர் 1950இல் இதனை வெளியிட்டனர். மருந்தாலையின் கழிவு சந்தைச் சரக்காக மாறியது. குறைந்த தீனில், குறைந்த காலத்தில், கூடிய இறைச்சி என்ற இலாபக் கணக்கு, நோயற்ற விலங்குக்கும் மருந்தூட்டும் வழமையை நிலைநாட்டியது.

அதன் விளைவுகள் விரைவிலேயே புலப்பட்டன. மனித மருத்துவத்திற் பயன்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளை வளர்ச்சியூக்கிகளாகத் தீனிற் சேர்த்தலாகாது என 1969இல் பிரித்தானியாவின் சுவான் குழு விதந்துரைத்தது. தெத்திராசைக்கிளின் வகை மருந்து கலந்த தீனை உண்ட கோழிகளில் மட்டுமன்றி, சில மாதங்களில் அப்பண்ணைக் குடும்பத்தினரிடத்தும் மருந்தை எதிர்க்கும் குடல் நுண்ணுயிர்கள் பெருகியதை ஸ்ரூவேட் லெவி குழுவினர் 1976இல் எடுத்துக்காட்டினர். சுவீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுமையாக 2006இலும், வளர்ச்சிக்கென நுண்ணுயிர்க்கொல்லிகளை ஊட்டுவதைத் தடைசெய்தன.

தடையின் பின்னரும் எச்சம் எங்ஙனம் எஞ்சுகிறது? நோய் தீர்ப்பதற்காக, விலங்கு மருத்துவரின் பணிப்பின்பேரில், மருந்திட்ட தீன் இன்றும் தயாரிக்கப்படுகிறது. அதனைக் கலந்த பொறியிலேயே அடுத்து மருந்தில்லாத் தீனும் கலக்கப்படுமாயின், கலவைப் பொறியிலும் கடத்திகளிலும் ஒட்டிய தூசு அதனுட் புகும். நுண்ணுயிரைக் கொல்லப் போதாத அச்சிறு செறிவு, எதிர்ப்பாற்றலுடையவை பெருக வாய்ப்பளிக்கக்கூடும். எனவேதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய கலப்புக்கு எல்லை வகுக்கப்படவேண்டிய 24 மருந்துகளை நிரற்படுத்தியது.

இவற்றைக் கண்டறியும் பணி மாதிரி எடுப்பதிலேயே தொடங்குகிறது. மருந்து தீனில் ஒரே சீராகப் பரவியிராது. ஆகையால், பல இடங்களிலிருந்து எடுத்து, அரைத்துக் கலந்து, அதன் ஒரு பகுதியையே ஆராய்தல் வேண்டும். பழைய முறையில், நுண்ணுயிர் வளர்க்கப்பட்ட தட்டில் தீனின் சாறு இடப்படும். மருந்து இருப்பின் அதனைச் சூழ நுண்ணுயிர் வளராத தெளிந்த வளையம் தோன்றும். இது மலிவானது, எனினும் எம்மருந்து என்பதை உறுதியாகக் கூறாது. தீனிற் சேர்க்கப்படும் செப்புச் சேர்மங்கள் போன்றனவும் நுண்ணுயிர் வளர்ச்சியைத் தடுத்து மயக்கம் விளைவிக்கலாம்.

இன்றைய உறுதிப்பாட்டு முறை திரவ நிறப்பகுப்பும் திணிவு நிறமாலைமானியும் இணைந்தது. தெத்திராசைக்கிளின்கள் தீனிலுள்ள கல்சியம், மகனீசியம் ஆகியவற்றுடன் பிணைந்துகொள்வதால், அவ்வுலோகங்களைக் கவரும் ஈ.டீ.ரீ.ஏ. சேர்த்த கரைசலால் அவை பிரித்தெடுக்கப்படுகின்றன. தூய்மையாக்கிய சாறு நிரலினூடு செல்கையில் பொருள்கள் வெவ்வேறு நேரங்களில் வெளிவருகின்றன. குளோர்தெத்திராசைக்கிளினின் அயன் 479 என்ற திணிவெண்ணிலே தெரிவுசெய்யப்பட்டு உடைக்கப்படும்போது, 462, 444 ஆகிய துண்டங்கள் கிடைக்கும். வெளிவரும் நேரமும் துண்டங்களின் விகிதமும் நியம மாதிரியோடு ஒத்தாலே முடிவு ஏற்கப்படும். தீனின் ஏனைய கூறுகள் சமிக்ஞையைக் குன்றச்செய்யுமாதலின், மருந்தற்ற தீனில் தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்து ஒப்புநோக்குதலும் இன்றியமையாதது. இம்முறையால் ஒரு கிலோகிராமில் சில மைக்கிரோகிராம், அதாவது நூறு கோடியில் ஒருசில பங்கு என்னும் மட்டம்வரை கண்டறிய முடிகிறது.

'காணப்படவில்லை' எனும் முடிவு, கருவியின் எல்லைக்குக் கீழே யாதுளது என்பதைக் கூறாது. கருவி நுண்மையடையுந்தோறும் நேற்றைய 'இன்மை' இன்று 'உண்மை'யாகலாம். அவ்வேளை குற்றஞ்சாட்டப்படுபவர் யார்? இறைச்சியை மட்டும் சோதித்தால் பழி முதலில் வளர்த்தவனையே சாரும். ஒப்பந்த முறையிலோ, குஞ்சையும் தீனையும் நிறுவனமே வழங்குகிறது. உழைப்பும் கொட்டகையும் மட்டுமே விவசாயியினுடையவை. மூட்டையினுள் இருப்பதை அறியும் வழி அவனிடம் இல்லை. தீனைச் சோதிக்கும்போதே வினா ஆலைவாயிலை எட்டுகிறது.

ஆகவே, மாதிரி எங்கே எடுக்கப்படுகிறது, பெறுபேறு யாருக்கு அறிவிக்கப்படுகிறது என்பன பகுப்பாய்வுக்குப் புறம்பான விடயங்கள் அல்ல. ஆலையிலேயே மாதிரி எடுக்கப்பட்டு, முடிவு தீனை வாங்கும் விவசாயியின் கைக்கும் எட்டுமாயின், அந்த எண் முற்றுப்பெற்ற வாக்கியமாகும். அதுவரை அது எச்சமாகவே நிற்கும்.