தலையாட்டினால் சம்மதமா? செங்கல்பட்டு கிராமங்களில் மோதிய இரண்டு கோட்பாடுகள்

ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் ஏதோ சொல்கிறார். பத்துப் பேரும் தலையாட்டுகிறார்கள். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா, இல்லை 'நமக்கெதுக்கு வம்பு'ன்னு இருக்காங்களா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சமூகவியலின் அடிப்படைக் கேள்வியே இதுதான். ஒரு சமூகம் கலையாமல் நிற்பது எதனால்? பொதுவான நம்பிக்கைகள் கட்டிவைக்கின்றன என்றார் எமில் துர்கைம். சொத்து யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள் என்றார் கார்ல் மார்க்ஸ்.

இந்த விவாதம் நம்ம பக்கத்திலும் நடந்திருக்கிறது. புதுப்பட்டினத்தில் ஈ.சி.ஆரை விட்டு மேற்கே திரும்பி, திருக்கழுக்குன்றம் தாண்டினால் வயலும் ஏரியுமாக விரியும் பழைய செங்கல்பட்டு மாவட்டம். அங்கே 1960, 70களில் இரண்டு அமெரிக்க மானுடவியலாளர்கள் தனித்தனியாகத் தங்கி ஆய்வு செய்தார்கள். சாதியின் அடித்தட்டில் வைக்கப்பட்டவர்கள் அதை மனதார ஏற்கிறார்களா என்பதுதான் இருவர் முன்னும் இருந்த கேள்வி.

ஏற்கிறார்கள் என்றார் மைக்கேல் மொஃபட். 1979இல் வந்த அவரது புத்தகத்தின் வாதம் இது: ஊர் ஒதுக்கிவைத்த தலித் மக்கள், தங்களுக்குள்ளேயே தனிப் பூசாரி, தனி வண்ணார் என்று அதே மேல், கீழ் வரிசையை உருவாக்கிக்கொண்டார்கள். விருப்பமில்லாத ஒன்றை யாராவது நகலெடுப்பார்களா?

ஜோன் மென்ச்சர் 1974இலேயே இதற்கு நேர்மாறாக எழுதியிருந்தார். சாதியைக் கீழிருந்து பார்த்தால் அது புனிதமும் தீட்டும் பற்றிய தத்துவம் இல்லை. கூலி வேலை செய்பவர்களைச் சுரண்டும் ஏற்பாடு. ஒரே கஷ்டத்தில் இருப்பவர்கள் ஒன்றுசேர விடாமல் பிரித்துவைக்கவும் அது உதவுகிறது என்றார்.

மொஃபட் கவனித்த உள்வரிசை பொய்யில்லை. ஆனால் அதைச் சம்மதம் என்று படித்ததில்தான் சிக்கல். பழைய அரசு ஆவணமே வேறு கதை சொல்கிறது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். தரிசு நிலம் கேட்டு மனு போட்டால் மிராசுதாரர்கள் குறுக்கே நின்றார்கள். குடியிருந்த மனையும் பெரும்பாலும் அவர்கள் பிடியில்தான். எதிர்த்துப் பேசினால் வேலை மட்டுமல்ல, வீடும் போகும். அப்படிப்பட்ட இடத்தில் மௌனத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது?

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்ததுதான் பஞ்சமி நிலம். தலித் மக்களுக்கென ஒதுக்கப்பட்டு, மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை போட்ட நிலம். அதில் பெரும்பகுதி பிறகு கைமாறிப் போனது.

புதுப்பட்டினத்துக்கு வடக்கே, மாமல்லபுரம் வட்டாரத்தில் உள்ள காரணை கிராமத்தில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள்.