முதலில் வரைபடம், பின்னரே மொழி

புனேயில் வாழும் நம்மவர் இல்லங்களில் கணிப்பொறி பயிலும் பிள்ளை இருக்குமாயின், ஒரு வினா தவறாமல் எழுகின்றது: “ஜாவா கற்பதா, பைத்தான் கற்பதா?” சென்ற கோடையில் நமது சங்க நூலகத்தின் வழங்கல் ஏட்டைக் கணிப்பொறியில் அமைத்துத் தர இரு இளைஞர் முன்வந்தனர். இவ்வழக்கிலேயே இரண்டு திங்கள் கழிந்தன; ஒரு வரியும் எழுதப்படவில்லை.

நாம் பத்தாம் வகுப்புக்கு மேல் பயின்றோமில்லை; நிரல் எழுதவும் அறியோம். எனினும் இரயில்வே எழுத்தராக நாள்தோறும் பயணச்சீட்டுகளோடு பழகுவதால், ஒன்று கூறத் துணிகின்றோம்.

ஒரு படுக்கைக்கு ஒரு பயணி என்று வரைந்தால் போதுமெனத் தோன்றும். போதாது. புனேயில் ஏறியவர் சோலாப்பூரில் இறங்கினால், அதே படுக்கை அங்கிருந்து குண்டக்கல் வரை வேறொருவருக்கு உரியதாகலாம். ஆர்.ஏ.சி. சீட்டிலோ பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றில் இருவர் அமர்ந்து செல்வர். இவ்வுறவுகளை முதலில் தாளில் தெளிவுறக் காட்டுவதே வடிவமைப்பு. அதில் பிழைத்தவன் எம்மொழியில் எழுதினும் பயணிக்கு இடம் காணான்.

1985-இல் புதுதில்லியில் தொடங்கிய ‘இம்ப்ரெஸ்’ என்னும் முன்பதிவு ஏற்பாட்டை சி.எம்.சி. நிறுவனத்தார் ஃபோர்ட்ரான் மொழியில் அமைத்தனர். பின்னர் இரயில்வேயின் ‘கிரிஸ்’ நிறுவனம் ஆக்கிய ‘கான்சர்ட்’ 1994-இல் செகந்திராபாத்தில் நடைமுறைக்கு வந்தது. அதில் சி மொழி பெரும் பங்கு பெற்றது. மொழி மாறியது, படுக்கை, பயணி, காத்திருப்போர் வரிசை என்னும் அடிப்படை மாறவில்லை.

1999 ஏப்ரலில் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாய் இணைக்கப்பட்டன. அதற்குமுன் சென்னையிலிருந்து திரும்பும் சீட்டுக்குத் தந்தி அனுப்பிக் காத்திருந்ததை நம் பெரியோர் மறந்திரார். எஞ்சிய ஒரே படுக்கையைச் சென்னையிலும் புனேயிலும் ஒரே நொடியில் இருவர் கேட்டால், ஒருவருக்கே கிடைத்தல் வேண்டும். இத்தகைய தேவையே தளத்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்; ஊரார் புகழ்ச்சியன்று.

உலகெங்கும் மென்பொருள் வல்லுநர் இவ்வாறே வரைகின்றனர். பூச், ரம்பா, யாக்கோப்சன் ஆகிய மூவர் முயற்சியால் உருவான ‘யு.எம்.எல்.’ என்னும் வரைமுறை 1997-இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது.

இவற்றையெல்லாம் கூறி, நம் இளைஞரிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினோம். “பொன்னியின் செல்வன் ஒரு நூலா, ஐந்தா?” என்று வினவினோம். இருவரும் திகைத்தனர். ஐந்து பாகங்களும் ஐந்து இல்லங்களில் இருக்கக்கூடும். ஒரே பாகத்திற்கு இரு படிகளும் உண்டு. நூல் வேறு, படி வேறு என்று அன்று மாலையே வரைந்து முடித்தனர். பின்னர், நூலகத்திலுள்ள பழைய கணிப்பொறியில் எது ஓடும், தாம் வேலைக்குச் சென்றபின் அதனைப் பேண யார் உளர் என்று எண்ணினர். மொழி அரைமணியில் முடிவாயிற்று.

பெற்றோர்களே! பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் பிள்ளையிடம் “எந்த மொழி?” என்று கேட்பதோடு நில்லாதீர்கள். “எதை வரைந்தாய்? காட்டு” என்றும் கேளுங்கள். மொழிகள் வரும், போகும். பொருளை ஆய்ந்து வரையும் பழக்கம் என்றும் கைவிடாது.