பாலைவனத்துக்காக வாதாடிய மினர்வா

தோட்டத்தில் வைக்கக் கள்ளிச் செடிகளை வேரோடு பிடுங்கி லாரியில் ஏற்றிப் போனார்கள். இரவில் வழி தெரிய வேண்டுமென்று ஜோஷுவா மரங்களுக்குத் தீ வைத்தவர்களும் உண்டு. 1920களில் தெற்குக் கலிபோர்னியப் பாலைவனத்தின் நிலை இதுதான்.

இதைப் பார்த்துப் பதறியவர் மினர்வா ஹாய்ட்.

மிசிசிப்பியில் வசதியான குடும்பத்தில் பிறந்து, தெற்குப் பாசடீனாவில் குடியேறியவர். விருந்துகளும் தோட்டக்கலைச் சங்கமுமாக இருந்த அவரைப் பாலைவனம் ஈர்த்துக்கொண்டது. பிள்ளையையும் கணவரையும் பறிகொடுத்த துயரத்தில், வெட்டவெளியில் வானத்தைப் பார்த்தபடி படுத்த இரவுகளே அவருக்கு ஆறுதல் தந்தன.

'வெறும் மணல்காட்டில் என்ன இருக்கிறது?' என்று பலரும் கேட்ட காலம் அது. மினர்வா வெறும் பேச்சோடு நிற்கவில்லை. பாலைவனத்தையே ஊருக்குள் கொண்டுபோனார்! 1928இல் நியூயார்க் மலர்க் கண்காட்சியில் கள்ளியும் பாறையும் மணலுமாக ஒரு பாலை நிலத்தையே அமைத்தார். கூட்டம் மொய்த்தது. அடுத்து பாஸ்டன், லண்டன். 1930இல் பாலைவனப் பாதுகாப்புக்கென ஒரு சர்வதேச அமைப்பையும் தொடங்கினார். மெக்சிகோ அதிபர் அவருக்குச் சூட்டிய பட்டம், 'கள்ளிகளின் திருத்தூதர்'.

அந்தப் பாலை நிலத்தைத் தேசியப் பூங்காவாக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. நிலத்தைப் பார்க்க வந்த தேசியப் பூங்காத் துறை அதிகாரிக்கு அவ்வளவாகத் திருப்தியில்லை. மினர்வா விடவில்லை. 1936 ஆகஸ்டில், சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் ஏக்கரை ஜோஷுவா ட்ரீ தேசிய நினைவிடமாக அறிவித்தார் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். 1994இல் அது தேசியப் பூங்காவானது. அங்குள்ள ஒரு மலைக்கு இப்போது மினர்வாவின் பெயர்.