ஒற்றைப் பாலம் தெரியும் படங்கள்

மட்டக்களப்பின் கல்லடியில் எடுத்த பழைய வாவிப் படத்துக்குத் திகதி எழுதியிருக்க வேண்டியதில்லை. இரும்புப் பாலம் மட்டும் தனியே நின்றால், அது 2013 மார்ச்சில் புதிய பாலம் திறக்கப்படுவதற்கு முந்திய படம். எடுத்தவரின் கண் அன்று விடியற்காலைச் சூரியனில் இருந்திருக்கும். இன்று பார்ப்பவரின் கண் நேரே பாலத்துக்குப் போகிறது.

பழைய இயற்கைப் படங்களைத் திரும்பத் திறந்து பார்ப்பதன் சுவையே இதுதான். படம் மாறவில்லை, பார்ப்பவர் மாறியிருக்கிறார்.

கருவியும் மாறியிருக்கிறது. கமெராவின் ‘ரோ’ கோப்பு பெரும்பாலும் 14 பிட் கொண்டது. ஒவ்வொரு நிறத்திலும் 16,384 ஒளிப்படிகளைக் காக்கக்கூடியது. வழக்கமான ‘ஜேபெக்’கில் அவை வெறும் 256. அதனால்தான் இருட்டென்று ஒதுக்கிய ரோ படத்துக்கு மறுவாழ்வு உண்டு. கறுப்பாகக் கிடக்கும் கண்டல் கரையில் நிழலை மட்டும் மெல்ல உயர்த்திப் பாருங்கள். முதலில் வேர்கள் தெளியும். பிறகு வேர்களுக்கிடையே, சேற்று நிறத்தில், அசையாமல் நிற்கும் ஒரு குளக்கொக்கு.

பிலிம் காலத்துப் படங்களின் நோய் வேறு. ஈரக்காற்றில் நெகட்டிவில் பூஞ்சணம் படரும். பல வண்ணப் படங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கி, வாவியே செம்மை தட்டிப்போகும். ஸ்கேன் செய்தபின் நிறத்தைச் சமன்செய்தால் தண்ணீரின் நிறம் பெருமளவு திரும்பும்.

பழைய படத்துக்குத் திரும்பி வருவது கணினி கொண்டுவந்த பழக்கமல்ல. அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவுதயப் படத்தைப் பல்லாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். முந்திய அச்சுகளில் வெளிறியிருந்த வானம் பிந்தியவற்றில் கருத்துப்போனது. நெகட்டிவ் ஒன்றுதான். எடுத்தவர் மறைந்த பின்னும் படங்கள் திரும்பி வருவதுண்டு. தமிழ்நாட்டின் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் 1996இல் மறைந்தார். அவருடைய கறுப்புவெள்ளைப் படங்களும் எழுத்துகளும் 2006இல் ‘ஐ இன் த ஜங்கிள்’ என்ற நூலாகப் புதிய வாசகரிடம் வந்தன.

ஆனால், ஒளியைத் திருத்துவது வேறு, பொருளை அழிப்பது வேறு. காட்சிக்கு இடைஞ்சல் என்று ஒரு குடிசையையோ மின்கம்பியையோ துடைத்தெறிய இன்று ஒரு நொடி போதும். கல்லடிக்கு அருகிலுள்ள நாவலடியை நினைத்துப் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் அந்த ஒடுங்கிய மணல்திட்டை 2004 டிசம்பர் 26 சுனாமி சிதைத்துப் போட்டது. அதற்கு முன் பறவைக்காக எடுத்த படத்தின் ஓரத்தில் ஒரு கூரையும் நாலு தென்னையும் விழுந்திருந்தால், அந்த வீட்டாருக்கு எஞ்சியிருக்கும் ஒரே படம் அதுவாகவும் இருக்கலாம். அதை வெட்டி எறிய எவருக்கும் மனம் வரக்கூடாது.

உங்கள் அலுமாரியிலும் இப்படிப் படங்கள் இருக்கும். மூலத்தைத் தொடாமல், பிரதியில் மட்டும் திருத்துங்கள். இடத்தையும் ஆண்டையும், அவற்றைச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் இருக்கும்போதே, கேட்டு எழுதி வையுங்கள்.