அங்குலத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பிள்ளைக்குக் கணனி விளையாட்டுக்கு மொனிட்டர் வாங்க வேண்டும், என்ன வாங்கலாம் என்று அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் என்னிடம் கேட்கும் வாப்பாமார் அதிகம். எல்லோரும் முதலில் கேட்பது அங்குலம். பணம் வீணாவதும் அதில்தான்.

1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை 24 அங்குலமானால் ஓர் அங்குலத்துக்கு சுமார் 92 புள்ளிகள் வரும். 27 அங்குலமானால் 82தான். எழுத்தும் படமும் கொஞ்சம் உடைந்து தெரியும். ஆகவே 24 போதும். மிச்சப் பணத்தை ஹெர்ட்ஸில் போடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை செக்கனுக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும், 144 என்றால் 144 தடவை. சுடும் விளையாட்டுகளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஆனால் கணனியின் கிராஃபிக்ஸ் கார்ட் 60 படம்தான் தருமென்றால் 144க்குக் கொடுக்கும் காசு தண்ணீரில் போட்டது போலத்தான். இப்போது மலிவான புது மொனிட்டர்களிலேயே 100 ஹெர்ட்ஸ் வருகிறது. அநேகமானோருக்கு அது தாராளம். பூட்டிய பிறகு விண்டோஸ் செட்டிங்கைப் பாருங்கள். சில வேளை 60லேயே நிற்கும்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. இந்த நிலையில் பாவித்த மொனிட்டரைத் தேடுவதில் பிழையில்லை. காரியாலயங்களில் கழித்தவை பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ்தான். கடையிலேயே வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று முழுத்திரையிலும் போட்டுச் செத்த புள்ளி உண்டா என்று பாருங்கள். பின்னால் எச்டிஎம்ஐ இருக்கிறதா, விஜிஏ மட்டுமா என்பதையும் பாருங்கள்.

விற்கும் சகோதரர்கள், புள்ளி செத்திருந்தால் அதை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.